எல்லைக்கல் தொலைந்தால் நிலம் தொலையுமா?

2012ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். தமிழகத்தில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் கரண்ட் இல்லாத நாள்கள் உண்டு. மாவு அரைப்பது, தண்ணீர் ஏற்றுவது, துணி தேய்ப்பது எல்லாமே கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துத்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள்.

அப்படி ஓர் இரவில், வைகையின் வடகரையில் ஒரு வீட்டில், ஹால் மூலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று நின்றுபோனது. வழக்கமாக யூபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். அதன் பேட்டரி செத்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே யாரும் மாற்றவில்லை.

அந்த வீட்டுப் பையன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அந்தக் கம்ப்யூட்டருக்கு 'சர்வர்' என்று அவன்தான் பெயர் வைத்திருந்தான். பெயர்தான் பெரிது. மானிட்டர்கூடக் கிடையாது. உபுண்டு போட்டு, 500 ஜிபி வன்தட்டு ஒன்றை மாட்டி, வீட்டிலுள்ள மற்ற கம்ப்யூட்டரிலிருந்து எல்லோரும் கோப்புகளை அதில் போட்டு வைக்கும்படி செய்திருந்தான். அப்பாவின் வரிக்கணக்கு, அக்கா கல்யாண ஆல்பம், அவனுடைய கல்லூரி ப்ராஜெக்ட் எல்லாம் அதற்குள். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்பது வீட்டாரின் நம்பிக்கை. ஒரே இடத்தில் இருப்பதும் பத்திரமாக இருப்பதும் இரண்டு வேறு விஷயங்கள் என்று அந்த இரவுதான் தெரிந்தது.

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டான். இயங்குதளம் எதுவும் காணோம் என்று ஒரு வரி வந்து நின்றது. அணைத்துப் போட்டான். அதே வரி. இப்படி ஆறு முறை. பிறகு உபுண்டு குறுந்தகட்டைப் போட்டுப் பார்த்தான். வன்தட்டு இருக்கிறது என்று காட்டியது, ஆனால் மெதுவாக, பெருமூச்சு விட்டுக்கொண்டு. உள்ளே எந்தப் பார்ட்டிஷனும் இல்லையாம். 500 ஜிபியும் வெற்றிடமாம். புதிதாக ஒரு பார்ட்டிஷன் அட்டவணையை உருவாக்கட்டுமா என்று பணிவாகக் கேட்டது.

நண்பனுக்கு போன் போட்டான். அவன் யோசிக்கவே இல்லை. "பேசாம புதுசா பார்ட்டிஷன் போட்டு ஓஎஸ் ஏத்திரு மாப்ள. அப்புறமா ரெக்கவரி சாஃப்ட்வேர் எதாச்சும் போட்டு எடுத்துக்கலாம்."

விரல் எலிக்குட்டி மேல் இருந்தது. ஒரு சொடுக்குதான். அப்போது அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்: "அப்பத்தா பாட்டும் அதுலதானடா இருக்கு?"

அதிலேதான் இருந்தது. அதில் மட்டும்தான் இருந்தது.

அப்பத்தாவின் கேசட்

அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி என்று தெரிந்ததெல்லாம் பாட்டுதான். தொண்ணூறுகளில் ஒரு பொங்கல் விடுமுறையில் அத்தை ஒரு டேப்ரிக்கார்டரை முன்னால் வைத்து, பதினோரு பாட்டுகளைப் பாடவைத்துப் பதிவு செய்தார். பின்னணியில் ஆடு கத்துவதும் யாரோ தண்ணீர் இறைப்பதும் கேட்கும். சில வருடங்களில் அப்பத்தா இறந்துபோனார். கேசட்டில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும், 2006இல் ஒரு ஒயரை மாட்டி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு கேசட்டுக்கு மதிப்பு போய்விட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மற்ற குப்பையோடு அதுவும் போனது. "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே!"

இந்தச் சொல்லைச் சொல்லாத வீடு உண்டா? கேசட் இருந்தபோதும் பிரதி ஒன்றுதான், கம்ப்யூட்டரில் ஏறிய பிறகும் ஒன்றுதான். பொருள் மாறியதே தவிர எண்ணிக்கை கூடவில்லை.

தொலைந்தது எது?

வன்தட்டைப் பற்றிப் புரிந்துகொள்ள நம் ஊர் நிலத்தை நினைத்தால் போதும். மதுரையை விட்டு மேலூர்ப் பக்கமோ சோழவந்தான் பக்கமோ போனால் கண்ணுக்கு எட்டியவரை வயல். எது யாருடையது என்று பார்த்தால் தெரியாது. ஆனால் எல்லைக்கல் இருக்கிறது. அளந்து வரைந்த புலப்படம் அரசு அலுவலகத்தில் இருக்கிறது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்வரை இன்னாருடையது என்று அது சொல்லும்.

வன்தட்டிலும் அப்படித்தான். அதன் முதல் செக்டாரில் 512 பைட் இருக்கும். அதில் முதல் 446 பைட், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சிறு நிரல். அடுத்த 64 பைட்தான் பார்ட்டிஷன் அட்டவணை. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்குக்கு இடம். கடைசி 2 பைட் முத்திரை. 1983இல் பிசி டாஸ் 2.0 வந்தபோது ஐபிஎம் கம்ப்யூட்டர்களில் புகுந்த ஏற்பாடு இது. 500 ஜிபியில் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இந்த 64 பைட்டில் அடக்கம். ஒரு குறுஞ்செய்தியின் பாதிகூட இல்லை!

அந்த 64 பைட் படிக்க முடியாமல் போனால் கம்ப்யூட்டருக்கு எல்லாம் வெற்றிடம். ஆனால் உண்மையில் என்ன நடந்திருக்கிறது? கல் காணோம், அவ்வளவுதான். நிலம் அப்படியே இருக்கிறது. வரப்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது, போட்ட நாற்று இருக்கிறது. நல்ல சர்வேயர் ஒருவர் இவற்றை வைத்தே எல்லையைத் திரும்பக் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரே ஒரு நிபந்தனை. அவர் வரும்வரை யாரும் அதில் ஏர் ஓட்டக் கூடாது.

புதிதாகப் பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மட் செய்து, இயங்குதளம் ஏற்றுவது என்பது ஏர் ஓட்டுவதுதான். வெறும் அட்டவணையை எழுதினால்கூடப் பரவாயில்லை, மீட்கலாம். அதன்மேல் பல ஜிபி புதிய கோப்புகளை எழுதினால் வரப்பும் போய்விடும், கிணறும் மூடிவிடும். "அப்புறமா எடுத்துக்கலாம்" என்பதில் எடுக்க எதுவும் மிச்சம் இருக்காது.

கரிவலம்வந்தநல்லூரில் நடந்தது

இந்த அவசரம் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏட்டுச்சுவடிகள் இருந்ததாகக் கேள்விப்பட்டு அங்கே போகிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் இட்டுவிட்டதாகத் தெரிகிறது. அப்படிச் செய்யச் சொல்லி ஆகமத்தில் இருக்கிறதாம்.

கவனித்தால் ஒன்று புரியும். அந்த ஏடுகளை முழுக்கக் கறையான் தின்றுவிடவில்லை. சிதிலமாகிவிட்டது, இனிப் பயன்படாது என்று யாரோ முடிவு கட்டினார்கள். முறைப்படி, பக்தியோடு சுத்தம் செய்தார்கள். கெட்டதைவிடச் சுத்தம் செய்ததில் போனதே அதிகம். "புதிய அட்டவணையை உருவாக்கட்டுமா?" என்று பணிவாகக் கேட்கிற மென்பொருளும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்குக் கெட்ட எண்ணம் இல்லை. சிதைந்த ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பையன் 'வேண்டாம்' என்பதை அழுத்தினான். கம்ப்யூட்டரை அணைத்தான். வன்தட்டைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி பீரோவில் வைத்தான். அந்த வாரம் முழுவதும் அவன் செய்த வேலைகளில் உருப்படியானது அதுதான்.

முதலில் நகல்

பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் விசாரித்தான். கடைக்காரர் வன்தட்டைக் காதில் வைத்துப் பார்த்தார். "டக் டக்னு அடிக்கலல்ல? அப்பப் பொழைச்சீங்க தம்பி. அடிச்சிருந்தா சென்னைக்குத்தான் அனுப்பணும். அவங்க சொல்ற ரேட்டுக்குப் புது கம்ப்யூட்டரே வாங்கிரலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வன்தட்டுக்குள் தகடு சுழலும்போது, படிக்கும் முனை அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தூசிகூட அதற்கு மலை. முனை உடைந்து தகட்டில் உரசத் தொடங்கினால் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தரவு துகளாகப் போகிறது. டக் டக் சத்தம் வந்தால் வீட்டில் எதுவும் செய்யக் கூடாது. இந்தத் தட்டில் முனை நன்றாகத்தான் இருந்தது. தகட்டில் அங்கங்கே பழுது. அதில் ஒன்று சரியாக முதல் செக்டார் மேலேயே விழுந்திருந்தது. ஆக இரண்டு வியாதி: சாகப்போகும் தட்டு ஒன்று, தொலைந்த அட்டவணை இன்னொன்று. எதை முதலில் பார்ப்பது?

தட்டைத்தான். அட்டவணை இன்று இருந்தபடியே நாளையும் தொலைந்திருக்கும். தட்டு நாளை இருக்குமா என்பது நிச்சயமில்லை. அதனால் அதிலிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் ஒரு நல்ல தட்டுக்கு நகல் எடுத்துவிட்டு, பிறகு அந்த நகலில்தான் கை வைக்க வேண்டும்.

புதுத் தட்டு வாங்கப் போனால் விலை மிரட்டியது. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தில் பாங்காக்குக்கு வடக்கே இருந்த வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கிப்போயின. உலகம் முழுவதும் விலை ஏறியது. ஒரு வருடம் ஆகியும் பழைய விலைக்கு இறங்கவில்லை. எங்கோ பெய்த மழைக்கு மதுரையில் ஒரு குடும்பம் காசு கொடுத்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் எண்ணிக் கொடுத்தார். பாடியது அவருடைய அம்மா அல்லவா.

1 டிபி தட்டு ஒன்று வாங்கினான். பழைய தட்டின் படிமத்தை ஒரே கோப்பாக வைக்கப் பாதி, மீட்டதை வைக்க மறுபாதி. யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியும் வந்தது. காலம் கடந்த ஞானம்தான், ஆனாலும் ஞானம்.

நகல் எடுக்க அவன் பயன்படுத்தியது டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். ஆன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதியது. சாதாரணமாக நகல் எடுக்கும் கருவிகள் பழுதான இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், அல்லது கைவிட்டுவிடும். இது அப்படியில்லை. பரீட்சையில் கெட்டிக்காரப் பையன் தெரிந்த கேள்விகளை முதலில் எழுதுவது போல, எளிதாகப் படிக்க முடிந்த இடங்களையெல்லாம் முதலில் படித்துவிடும். முரண்டு பிடிக்கிற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப்போகும். கடைசியில் திரும்பி வந்து அந்த இடங்களை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும்.

எவ்வளவு முடிந்தது என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே வரும் என்பதுதான் மின்வெட்டு மதுரைக்கு மிகவும் உதவியது. கரண்ட் போகும் நேரம் நெருங்கினால் நிறுத்திவிடுவான். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆரோக்கியமான தட்டாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கும். இதற்கு நான்கு நாள் பிடித்தது. நான்கு நாளும் அம்மா அந்த மூலைப் பக்கம் விளக்குமாற்றைக்கூடக் கொண்டுபோகவில்லை.

கடைசியில் சுமார் 12 எம்பி மட்டும் வரவே இல்லை. 500 ஜிபியில் 12 எம்பி! கணக்காகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

சர்வேயர் வந்தார்

அடுத்தது அட்டவணை. அதற்கு டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதிய இலவச மென்பொருள். சர்வேயர் வேலையை அப்படியே செய்வது. முதல் செக்டாரை நம்பாமல், தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து வரப்புகளைத் தேடும்.

வரப்பு எது? லினக்ஸில் வழக்கமாக ஒரு பார்ட்டிஷன் தன் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி, தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றை வைத்திருக்கும். சூப்பர்பிளாக் என்று பெயர். தன் அளவு என்ன, எத்தனை கோப்புக்கு இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடையாளத்துக்கு ஒரு மாறாத எண்ணும் உண்டு. அது மட்டுமல்ல, அந்தக் குறிப்பின் நகல்களைப் பார்ட்டிஷனுக்குள் பல இடங்களில் தூவி வைத்திருக்கும். வழக்கமான அமைப்பில் முதல் நகல் 32768ஆவது பிளாக்கில். இதை வடிவமைத்தவர்கள் ஒருநாள் முதல் குறிப்பு கெடும் என்று முன்கூட்டியே நினைத்திருக்கிறார்கள். ஆனால் 1983இன் அட்டவணையைச் செய்தவர்கள் அதற்கு நகல் வைக்கவில்லை. பின்னால் வந்த ஜிபிடி முறை அந்தக் குறையைத் தீர்த்தது. அதில் அட்டவணையின் நகல் ஒன்று தட்டின் கடைசியிலும் இருக்கும்.

டெஸ்ட்டிஸ்க் மூன்று பார்ட்டிஷன்களையும் கண்டுபிடித்தது. அட்டவணையைப் படிமத்தில் எழுதினான். கோப்பு முறையைச் சரிபார்த்தான். திறந்தான். அடைவுகள் பெயரோடு வரிசையாக வந்து நின்றன. அப்பாவின் வரிக்கணக்கு, அக்கா கல்யாணம், 'அப்பத்தா'.

வீடே வந்து சுற்றி உட்கார்ந்தது. முதல் பாட்டு. ஆடு கத்தியது. தண்ணீர் இறைக்கும் சத்தம். பிறகு அந்தக் குரல். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஒன்பது பாட்டுகள் முழுதாக இருந்தன. பத்தாவது, முதல் சில வினாடிகள் பாடி அமைதியாகிவிட்டது. பதினொன்றாவது திறக்கவே இல்லை. வராத 12 எம்பியில் பெரும்பகுதி இந்த இரண்டு பாட்டுகளின் மேல்தான் விழுந்திருந்தது.

அந்த ஆறு முறை

அவனை உறுத்தியது ஒரு கேள்விதான். முதல் நாள் இரவு ஆறு முறை அணைத்து அணைத்துப் போட்டானே, அதில்தான் அந்த இரண்டு பாட்டும் போனதா? ஒரே முறையோடு நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்குமா? இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் ஆறுதலாக, "மதுரை வெயிலுக்கு எதுதாம்ப்பா தாங்கும்?" என்றார். வெயிலின் மேல் பழி போடுவதும் அவ்வளவு எளிதில்லை. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சூட்டுக்கும் பழுதுக்கும் எல்லோரும் நினைத்த அளவுக்குத் தொடர்பு தென்படவில்லை என்பது அதில் ஒரு முடிவு. இன்னும் இரண்டு முடிவுகள் முக்கியமானவை. பழுதான தட்டுகளில் 36 சதவீதத்துக்கும் மேல், தட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கில் ஓர் அறிகுறியும் காட்டாமல் போயின. அதே சமயம், தட்டு தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டுவிட்டால், அடுத்த 60 நாளில் அது பழுதாகும் வாய்ப்பு, பிழையே தென்படாத தட்டைவிட 39 மடங்கு.

சாரம் இதுதான். எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும். வரவில்லை என்றால் அதை நம்பக் கூடாது.

இரண்டாவது அட்டவணை

அப்பத்தாவின் அடைவில் இன்னொரு கோப்பும் இருந்தது. 2001இல் அத்தை ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. திறந்தால் புரியாத கிறுக்கல். தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக. இதுவும் கெட்டுவிட்டது என்று அவன் அழிக்கப் போனான். மறுபடியும் விரல் ஒரு சொடுக்கு தூரத்தில் நின்றது. ஏர் ஓட்டக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் யூனிகோடு தமிழ் பரவலாகவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. உலகெங்கும் இருந்த தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி என்ற குறியீட்டு முறை அப்போது பிரபலம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், திருக்குறள் முதலான பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் மூலம் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியதே, அதன் நூல்களும் டிஸ்கியில் வந்தன, பிறகு யூனிகோடுக்கு மாறின. அந்தத் திட்டத்துக்கு இந்த ஊரின் பெயரை வைத்தது சங்கத்தை நினைத்து. நூலைச் சேர்ப்பது, படி எடுப்பது, பரப்புவது.

அத்தையின் கோப்பும் டிஸ்கிதான். பைட்டுகள் ஒன்றுகூடக் கெடவில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைதான் புதுக் கம்ப்யூட்டரில் இல்லை. இங்கேயும் நிலம் இருந்தது, கல்தான் காணோம்! சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றியில் ஒட்டினான். கிறுக்கல் கலைந்து தமிழ் வந்தது. பதினோரு பாட்டுகளின் வரிகளும் இருந்தன. பத்தாவதும் பதினொன்றாவதும் முழுசாக.

அத்தைக்கு போன் போட்டான். ராகம் நினைவிருக்கிறதா என்று கேட்டான்.

"அம்மா மாதிரி எனக்கு இழுக்க வராதுய்யா," என்றார் அத்தை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஞாயித்துக்கெழம வா. பாடிப் பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை அத்தை பாடினார். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, "இல்ல, இப்படி இல்ல" என்று மாற்றிப் பாடினார். அது அப்பத்தாவின் குரல் இல்லை. போனது போனதுதான். ஆனால் பாட்டு போகவில்லை.

ஒன்று போதாது

உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே ஒரு சுவடியை வைத்துக்கொண்டு செய்யவில்லை. ஊர் ஊராகத் தேடிப் பல பிரதிகளைச் சேர்த்து, ஒன்றில் சிதைந்த இடத்தை இன்னொன்றை வைத்துச் சரிபார்த்தார். பிரதிகள் பல வீடுகளில், பல மடங்களில் சிதறிக் கிடந்ததால்தான் அது முடிந்தது. எல்லாம் ஒரே பரணில் இருந்திருந்தால்?

அமெரிக்காவிலும் அதே கதைதான். 1998இல் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதிகளும் சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சூஸ்மன் என்பவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதுதான் காப்பாற்றியது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் இதைச் சுருக்கமாக 3-2-1 என்று பிரபலப்படுத்தினார். மூன்று பிரதிகள், இரண்டு வகைப் பொருள்களில், அதில் ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒருமுறை பிரதியைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதி பிரதியல்ல, நம்பிக்கை. இரண்டு தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு ஏற்பாடும் பிரதி ஆகாது. தவறாக அழித்தால் அது இரண்டிலும் ஒரே நொடியில் அழிக்கும்.

அந்த வீட்டில் இப்போது 'அப்பத்தா' அடைவு மூன்று இடங்களில் இருக்கிறது. சர்வரில் ஒன்று, பீரோவில் உள்ள ஒரு தட்டில் ஒன்று, உசிலம்பட்டியில் அத்தை வீட்டில் ஒரு பென் டிரைவில் ஒன்று. பொங்கலுக்குப் போகும்போது அதை வாங்கிப் போட்டுக் கேட்கிறார்கள். சரிபார்த்த மாதிரியும் ஆயிற்று, அப்பத்தா பாட்டைக் கேட்ட மாதிரியும் ஆயிற்று. பத்தாவது பாட்டு வரும்போது மட்டும் குரல் மாறும். சின்னப் பிள்ளைகள் யாராவது "இது யாரு?" என்று கேட்பார்கள். அத்தை சிரித்துக்கொண்டே, "நான்தான்" என்பார்.

எல்லைக்கல் தொலைந்தால் நிலம் தொலைவதில்லை. அவசரப்பட்டு ஏர் ஓட்டாமல் இருந்தால் போதும். ஆனால் நிலமே அரித்துப்போனால் எந்தச் சர்வேயராலும் அதைத் திருப்பித் தர முடியாது. அதற்கு முன்பே வேறொரு வயலில் விதை போட்டு வைத்திருக்க வேண்டும்.